வலி ஓய்ந்த பின்னர்

நோய் வந்துற்றபோது, சொல்லப்பட்ட சிகிச்சையை விடுத்து எளிய வழி ஒன்று உண்டா எனத் தேடுவது மனித இயல்பு. கடைவாய்ப் பல்லில் சீழ் பிடித்து, வேர்ச் சிகிச்சை தேவை என்று மருத்துவர் கூறியபோது நானும் அவ்வாறே தேடினேன். மகளின் கல்லூரிக் கட்டணம் செலுத்த வேண்டிய மாதம் அது.

கிராம்புத் தைலத்திலுள்ள யூஜெனால் வலியைச் சற்று மரத்துப் போகச் செய்தது. நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளால் வீக்கம் வடிந்தது. சில நாளில் வலியும் ஓய்ந்தது. "இனிச் சிகிச்சை எதற்கு, டாக்டர்?" என்றேன்.

அவர் எக்ஸ்ரே படத்தில் வேரின் நுனியில் தெரிந்த கரிய நிழலைக் காட்டினார். "ஐயா, பல்லினுள் இருந்த கூழ் இறந்துவிட்டது. அங்கே இரத்த ஓட்டம் இல்லை. ஆகவே மாத்திரையின் மருந்தும் அங்கே எட்டாது. கிருமி உள்ளேயே இருக்கிறது" என்றார்.

கூழ் உயிரோடிருந்தால், கெட்ட பகுதியை மட்டும் அகற்றி மருந்திட்டு மூடலாமாம். அந்நிலை கடந்துவிட்டபின் வழிகள் இரண்டே. வேரின் குழாய்களைத் துப்புரவு செய்து, மலேயக் காட்டு மரத்தின் பாலிலிருந்து கிடைக்கும் கட்டாபெர்ச்சாவால் அடைக்கலாம். அன்றேல் பல்லைப் பிடுங்கலாம்.

வேர்ச் சிகிச்சை செய்த பல் உடலெங்கும் நோய் பரப்பும் என்று நண்பர் ஒருவர் எச்சரித்தார். 1920களில் அமெரிக்கப் பல் மருத்துவர் வெஸ்டன் பிரைஸ் பரப்பிய கருத்து அது. பின்வந்த ஆய்வுகள் அதனை ஏற்கவில்லை. எனவே அச்சத்தை ஒதுக்கி, செலவை மட்டும் எண்ணினேன். பிடுங்கிய இடத்தை நோக்கி அண்டைப் பற்கள் சாயக்கூடும், எதிர்ப்பல்லும் நீளக்கூடும் என்பதையும், செயற்கைப் பல் பின்னர் தேவைப்படலாம் என்பதையும் மருத்துவர் மறைக்கவில்லை. அறிந்தே, பல்லை எடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டேன். மகளின் கட்டணமும் உரிய நாளில் செலுத்தப்பட்டது.

வலி ஒரு காவலன். அவன் குரல் அடங்கியதும் திருடன் போய்விட்டான் என்று நாம் நிம்மதியாக உறங்கிவிடுகிறோம். இல்லங்களில் பேச்சற்றுப் போன பூசல்களையும் இவ்வாறே தீர்ந்தவை எனக் கருதிவிடுகிறோம் அல்லவா? காப்பதோ களைவதோ, அவரவர் ஆற்றலுக்கேற்ற வழியைத் தேர்ந்துகொள்ளலாம். வேரில் இருப்பதை அப்படியே விட்டுவைப்பது மட்டும் அவ்வழிகளுள் ஒன்றாகாது.