விட்டுவைத்த வெள்ளை

எங்கள் சிறுசேரியில் புதிதாக எழும்பும் அடுக்குமாடி வீடுகளின் சுவர்களுக்கு ஒரே நிறம்தான், வெள்ளை. சிப்காட்டில் வேலை கிடைத்து இங்கே வீடு வாங்கும் பிள்ளைகள், பால் காய்ச்சிக் குடிபுகுந்த கையோடு, "சார், ஹால்ல அவ்வளவு பெரிய சுவர் சும்மா கிடக்குது, என்ன படம் மாட்டலாம்?" என்று என்னிடம் கேட்பது வழக்கம். பள்ளியில் ட்ராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் என்று தெரிந்து கேட்கிறார்கள். "கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும். காலை வெயில் அந்தச் சுவர்ல எங்கே விழுதுன்னு முதல்ல பாருங்க" என்பேன். தட்டிக் கழிக்கிறேன் என்று சிலர் நினைக்கக்கூடும். லிஃப்ட் வந்து நிற்பதற்குள் விளக்கிச் சொல்லி முடிகிற விஷயமில்லை அது. இங்கே எழுதுகிறேன்.

வாட்டர் கலர் பழகியவர்களுக்கு இது தெரியும். அந்த முறையில் வெள்ளைக்கென்று தனியாகச் சாயம் தடவுவதில்லை. கோபுரத்தின் மேல் அடிக்கும் வெயில், குளத்து நீரின் மினுக்கு, வேட்டியின் மடிப்பு எல்லாமே தாளின் வெள்ளைதான். பிரஷை நனைக்கும் முன்பே, எந்த இடத்தைத் தொடுவதில்லை என்று தீர்மானித்துவிட வேண்டும். பென்சிலால் லேசாகக் குறித்துக்கொள்வோம். சுற்றிலும் நிறம் ஏற ஏற, தொடாமல் விட்ட இடம் வெளிச்சமாகிக்கொண்டே வரும். அசந்த நேரத்தில் அங்கே கொஞ்சம் நீலம் ஓடிவிட்டால், எப்படி ஒற்றி எடுத்தாலும் பழைய வெள்ளை திரும்பாது. ஆகவே, வெறுமையாக விடுவது என்பது சோம்பேறித்தனமில்லை. வரைவதைவிட அதற்குத்தான் கவனம் அதிகம் வேண்டும்.

இதை நம் ஊரில் மனித உருவங்களில் செய்து காட்டியவர் கே. எம். ஆதிமூலம் (1938-2008). துறையூர் பக்கத்துக் கீராம்பூரிலிருந்து சென்னை ஓவியக் கல்லூரிக்குப் படிக்க வந்தவர். காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டிக் கறுப்பு மையில் அவர் வரைந்த காந்தி கோட்டோவிய வரிசையை ஒரு முறையாவது பாருங்கள். முகத்தில் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். தோளுக்கு வந்ததும் கோடு மெலியும், சில இடங்களில் நின்றே போகும். மேல்துண்டு எங்கே முடிகிறது, வெறும் தாள் எங்கே தொடங்குகிறது என்று தேடினால் கிடைக்காது. அந்த மெலிந்த கிழவரின் உடம்பில் பாதியைத் தாள்தான் தாங்கிக்கொண்டிருக்கிறது. கி.ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் வந்தபோது அதற்கு இவர் போட்ட படங்களுக்காகவே இதழை எடுத்து வைத்தவர்கள் உண்டு. நானும் ஒருவன்.

வெளிநாட்டுக்காரர்கள் இதில் வெகுதூரம் போனார்கள். ரஷ்யாவில் புரட்சி நடந்த மறுவருடம், 1918-ல், மாலெவிச் வெள்ளைப் பரப்பின் மேல் சற்றே சாய்ந்த ஒரு வெள்ளைச் சதுரத்தை வரைந்தார். இரண்டு வெள்ளையும் ஒரே வெள்ளையில்லை. ஒன்றில் கொஞ்சம் குளிர்ச்சி, ஒன்றில் கொஞ்சம் வெதுவெதுப்பு. 1951-ல் அமெரிக்காவின் ராஷன்பெர்க் முழு வெள்ளையாகவே சில ஓவியங்களைச் செய்தார். எதிரே நடக்கிறவர்களின் நிழல் விழுந்தால் அதுவும் படத்தில் சேர்ந்துவிடும். அதைப் பார்த்துத் துணிச்சல் பெற்ற அவருடைய நண்பர் ஜான் கேஜ், 1952-ல் 4 நிமிடம் 33 விநாடிக்கு வாசிப்பவர் எதுவுமே வாசிக்காத இசைக்கோவையை எழுதினார். 1958-ல் பாரிஸில் ஈவ் க்ளைன் ஒரு கண்காட்சிக் கூடத்தைக் காலி செய்து, வெள்ளையடித்து, அந்த வெற்று அறையையே கண்காட்சியாகத் திறந்துவைத்தார். இதெல்லாம் ஓவியமா என்று கோபப்படுகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். க்ளைனின் அறை என்னையும் அசைக்கவில்லை. ஆனால் வெள்ளையை வைத்து என்னை உலுக்கியவர் வங்காளத்தில் இருந்தார்.

சோம்நாத் ஹோர் 1921-ல் சிட்டகாங்கில் பிறந்தவர். 1943 வங்கப் பஞ்சத்தில் தெருவோரம் செத்துக்கொண்டிருந்தவர்களைப் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்தவர். கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். அடுத்து, குத்தகை விவசாயிகளின் தேபாகா போராட்டத்தையும் கிராமங்களுக்குள் போய் வரைந்தார். பின்னாளில் சாந்திநிகேதனில் அச்சோவியம் கற்பித்தார். இவ்வளவு ரத்தத்தைப் பார்த்த மனிதர், 1970-களில் 'காயங்கள்' என்ற வரிசையைச் செய்தபோது கிட்டத்தட்ட நிறங்களையே விட்டுவிட்டார். களிமண் பரப்பைக் கத்தியால் கீறுவார், குத்துவார், கிழிப்பார். அதிலிருந்து சிமெண்டில் அச்சு எடுத்து, அதன்மேல் காகிதக் கூழை அப்பி அழுத்துவார். காய்ந்து உரிந்து வருவது ஒரு தடித்த வெள்ளைத் தாள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுமில்லை. கிட்டே போனால் தோல் பிளந்த மாதிரி ஒரு கீறல், ஓரம் உயர்ந்து நடுவில் பள்ளம், சிலவற்றில் ஒரு துளி சிவப்பு. வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால்தான் கீறல் கண்ணுக்கே படும். யாருடைய காயம், எந்த ஊர், எந்தக் கட்சி, எதுவும் கிடையாது. பிணங்களை வரைந்த படங்களிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிற நாம், இந்த வெள்ளையின் முன்னால் குனிந்து தேட வேண்டியிருக்கிறது.

வெள்ளை என்றதும் அமைதி, தூய்மை என்று பேசத் தொடங்கிவிடுகிறவர்களிடம் எனக்கு இந்த இடத்தில்தான் வழக்கு. என் அத்தை இருபத்து சொச்சம் வயதில் கணவரை இழந்தார். அரக்குப் புடவை என்றால் அவருக்கு உயிர். பதினாறாம் நாள் முடிந்ததும் வெள்ளையைக் கட்டிவிட்டார்கள், கடைசிவரை அதுதான். அந்த வெள்ளையில் எந்தத் தத்துவமும் இல்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கையில் இருந்த நிறத்தை மற்றவர்கள் வழித்து எடுத்தது அது. இடத்தைக் காலியாக விடுகிற உரிமை அந்த இடத்துக்கு உரியவருடையது. பிறர் திணிக்கும் வெறுமையை அழகு என்று சொல்ல என் நா எழாது.

தன் வெறுமையைத் தானே தேர்ந்துகொண்ட ஒருவர் என்று நஸ்ரீன் முகமதியைச் சொல்வேன். 1937-ல் கராச்சியில் பிறந்து, பரோடாவில் பல ஆண்டுகள் கற்பித்தவர். தாளில் பென்சிலும் மையும் கொண்டு இழுத்த நேர்கோடுகள், நடுவே பெரிய வெட்டவெளி, அவ்வளவுதான் அவர் உலகம். படங்களுக்குப் பெயர் வைக்கவில்லை, பெரும்பாலும் தேதிகூடப் போடவில்லை. நரம்பு நோய் அவருடைய உடம்பின் கட்டுப்பாட்டைப் பறித்துக்கொண்டே போனது. ஆனால் தாளில் கோடு பிசகவில்லை, கோடுகள்தான் குறைந்தன. 1990-ல் காலமானார். காபி டம்ளரைப் பிடித்தால் கை ஆடுகிற வயதில் இருக்கும் நான், அந்தக் கோடுகளைப் பார்க்கும்போது என்ன உணர்கிறேன் என்பதை என் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நாமே தேர்ந்துகொள்ளாத, பிறரும் திணிக்காத வெறுமை ஒன்று இருக்கிறது. அது தானாக வந்து விழுவது. அதற்கு என்ன செய்வது என்பதற்கு, திருப்போரூர் வழியாகப் போனால் எட்டிவிடுகிற மாமல்லபுரத்தில் ஒரு பாறை இருக்கிறது. அர்ச்சுனன் தபசு என்பார்கள், பகீரதன் தவம் என்பார்கள். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. பல்லவச் சிற்பிகளுக்குக் கிடைத்த பாறையின் நட்டநடுவில், இயற்கையாகவே மேலிருந்து கீழ்வரை ஒரு பிளவு. சிற்பம் செதுக்க வந்தவனுக்கு அது குறைதான். அடைத்திருக்கலாம், வேறு பாறைக்குப் போயிருக்கலாம். அவர்கள் அந்தப் பிளவையே கங்கை இறங்கும் வழியாக்கிவிட்டார்கள். அதில் கைகூப்பிய நாகர்கள் மட்டும் நீந்துகிறார்கள். தேவர், முனிவர், வேடர், சிங்கம், மான், அந்தப் பெரிய யானைகள் என்று நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள் இரண்டு பக்கமிருந்தும் அந்த வெற்றிடத்தை நோக்கித்தான் வருகின்றன. பாறைக்கு மேலே நீர் தேக்கிய தொட்டியின் தடயம் உண்டு. ஒரு காலத்தில் உண்மையான தண்ணீரே அந்தப் பிளவில் விழுந்திருக்க வேண்டும் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். இன்று தண்ணீர் இல்லை. ஆனாலும் யாரும் திரும்பிப் போய்விடவில்லை.

என் மனைவி காலமான பிறகு என் பிள்ளைகள் என் பொழுதை நிரப்பப் படாத பாடு பட்டார்கள். யோகா, நடைக்குழு, புதிய டிவி, எல்லாமே பாசத்தில் செய்ததுதான். ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டேன். நாலு மணிக் காபி நேரம் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்த நேரம். அதில் எதையும் கொண்டுவந்து வைக்காதீர்கள் என்றேன். மற்ற நேரங்களை அதற்கு ஏற்றபடி நானே அமைத்துக்கொண்டேன். இந்த வளாகத்துப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை படம் வரையக் கற்றுக்கொடுக்கிறேன். காலையில் நடக்கிறேன். அன்று யார் என்ன வரைந்தார்கள், பாதையில் யாரைப் பார்த்தேன் என்பதெல்லாம் அந்த நாலு மணிக்கென்று சேர்த்துவைப்பதுதான். துணையை இழந்த நண்பர்கள் யோசனை கேட்டால் நான் சொல்வதும் இதுதான். ஒரு நேரத்தையாவது நிரப்பாமல் வையுங்கள், எந்த நேரம் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். பிள்ளைகளிடமும் பேசுகிறேன்: பெரியவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று பதறாதீர்கள்.

மாமல்லபுரம் போகிறவர்கள் பெரும்பாலும் யானைகளுக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அடுத்த முறை இரண்டடி நகர்ந்து பிளவுக்கு நேரே நில்லுங்கள். பேரப்பிள்ளைகளைக் கூட்டிப் போனால், இவ்வளவு பேரும் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார்கள் என்று கேளுங்கள், சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள். காலையில் போவது நல்லது. கிழக்கு பார்த்த பாறை, வெயில் நேராக விழும். கொஞ்ச நேரம் போனால் சுற்றுலா பஸ்கள் வந்துவிடும், நிற்க இடமிருக்காது.