மன்னர் கல்லும் வாளித் தண்ணீரும்

மலேசியாவின் ஆயர் ஈத்தாம் சாலையோரப் பீங்கான் கடைகளில் ஜாடிகளுக்கும் பூந்தொட்டிகளுக்கும் நடுவே கண்ணைப் பறிப்பது நீலம். பீங்கானுக்கு அந்த நிறத்தைக் கொடுப்பது பெரும்பாலும் கோபால்ட். நீலத்துக்கே பெயர்போன லாபிஸ் லசூலிக் கல்லுக்கு உயர்வெப்பச் சூளை ஒத்துவராது. ஆனாலும் அந்தக் கல்லின் பெருமையைப் பாமரன் வீட்டுக்குக் கொண்டுவந்தது குயவரின் வெள்ளைக் களிமண்தான்.

ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் மலைகளில், கோக்சா பள்ளத்தாக்கில் இருக்கிறது சர்-இ-சங் சுரங்கம். பழங்காலத்து லாபிஸ் பெரும்பாலும் அங்கே வெட்டியதுதான். மெசப்பொத்தேமியாவின் ஊர் நகரத்து அரச கல்லறைகளுக்கும், எகிப்தின் பாரோ துட்டன்காமனின் தங்க முகமூடியில் புருவம் பதிக்கவும் அது போய்ச் சேர்ந்தது. நம் நொய்யல் கரைக் கொடுமணலில் கிடைத்த மணிக்கற்களிலும் லாபிஸ் உண்டு.

ஐரோப்பிய ஓவியர்கள் அதை அரைத்து வண்ணமாக்கினார்கள். வெறுமனே அரைத்தால் சாம்பல் நிறப் பொடிதான் மிஞ்சும். அதனால் பொடியை மெழுகு, பைன் பிசினோடு சேர்த்து மாவுபோல் உருட்டி ஊறவைத்து, சாம்பல் கரைத்த நீருக்குள் பிசைவார்கள். நீலத் துகள் மட்டும் நீரில் இறங்கும். அழுக்கு உருண்டையிலேயே தங்கிவிடும். இத்தனை பாடுபட்டு எடுத்த அல்ட்ராமரின் தங்கத்துக்கு நிகரான விலைக்குப் போனது. மரியாளின் மேலாடைக்கென்றே பலர் அதை ஒதுக்கிவைத்தார்கள்.

இந்த நீலத்தைச் செயற்கையாக, மலிவாகச் செய்து காட்டுபவருக்கு 6,000 பிராங்க் பரிசு என்று 1824-இல் பிரான்சில் ஒரு சங்கம் அறிவித்தது. 1828-இல் அதைப் பெற்றவர் ழான்-பாப்டிஸ்ட் கிமே. அதே ஆண்டு ஜெர்மனியில் வேதியியலாளர் குமெலினும் தம் செய்முறையை வெளியிட்டார். வெள்ளைக் களிமண், சோடா, கந்தகம், கரி: இவற்றைச் சேர்த்துச் சூடாக்கினால் போதும். கல்லிலும் சரி, இந்தப் பொடியிலும் சரி, நிறம் கந்தகத்தின் கைவண்ணம்.

அந்தப் பொடிதான் துணிக்குப் போடும் நீலமாயிற்று. பழைய வெள்ளைத் துணியில் ஏறும் மஞ்சளை இலேசான நீலம் அமுக்கிவிடும்; கண்ணுக்குத் துணி பளிச்சென்று தெரியும். சிறு துணியில் முடிந்த நீலக்கட்டியை வாளித் தண்ணீரில் ஓர் ஆட்டு ஆட்டி, பள்ளிச் சட்டையையும் வேட்டியையும் முக்கி எடுத்த கைகள் தமிழ்நாட்டிலும் மலாயாத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களிலும் எத்தனையோ. பொங்கலுக்குச் சுவரில் அடிக்கும் சுண்ணாம்பிலும் ஒரு சிட்டிகை விழும். அமிலம் பட்டால் வெளிறும் இந்த நிறம் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் என்று சொல்ல நீலம் போட்டவர்களுக்கு வேதியியல் தேவைப்படவில்லை; பழக்கத்தில் தெரிந்துவைத்திருந்தார்கள்.

இந்த நீலத்தின் வரலாறு எழுதுவோர் பாரோவிடம் தொடங்கி ஓவியரோடு நின்றுவிடுவது வழக்கம். லயத்துக் குழாயடியில் நீலம் போட்ட பெண்களுக்கும் அதில் ஓர் அத்தியாயம் வேண்டும்.