டிரங்குப் பெட்டியில் ஒரு மூட்டை

போன மாதம் என் ஓரகத்தியின் மகள் ஊருக்கு வந்திருந்தாள். அவளுக்கு ஏழாவது மாதம். தலைப்பிரசவம் சிசேரியன். மத்தியானம் எல்லோரும் கண் அயர்ந்த நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சித்தி, இந்தத் தடவை நான் வீட்டிலேயே பெத்துக்கப் போறேன். அம்மா காதிலே இன்னும் போடலே. நீங்க என் பக்கம் நிக்கணும்" என்றாள். செல்போனில் யாரோ ஒரு வெளிநாட்டுப் பெண் தண்ணீர்த் தொட்டியில் பிள்ளை பெறுகிற படத்தையும் காட்டினாள்.

எனக்கு உடம்பு சில்லிட்டுப் போயிற்று. 2006-ல் நானே பேசிய பேச்சு அது.

அந்தக் கதையை இதுவரை வெளியில் சொன்னதில்லை. பிள்ளை பெறப் போகிறவர்களும் பெற்றவர்களும் படிக்கிற பத்திரிகை என்பதால் வெட்கத்தை ஒதுக்கிவிட்டு எழுதுகிறேன்.

என் தலைப்பிரசவம் 2002-ல், தாய் வீட்டில். பக்கத்து டவுனில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பேர் வேண்டாம். ராத்திரி முழுக்க வலி. அம்மாவைக்கூட உள்ளே விடவில்லை. கத்தினால், "வாயை மூடிக்கிட்டுப் படு" என்று அதட்டல். விடியற்காலையில் டாக்டர் வந்து பார்த்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியில் நின்ற அப்பாவிடம் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். என்னைத் தள்ளிக்கொண்டு போகும்போது, "எங்கே போறோம்?" என்று கேட்டேன். "தியேட்டருக்கு" என்றார் தள்ளியவர். எனக்கு ஆபரேஷன் என்று அப்படித்தான் தெரிந்தது. பையனைக் கண்ணால் பார்த்தது மறுநாள்தான்.

பையனும் பிழைத்தான், நானும் பிழைத்தேன். அது பெரிய விஷயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பார்க்க வந்த சொந்தக்காரர்கள், "வயித்தைக் கீறி எடுத்தாங்களாமே! வலி தெரியாம பெத்துட்டா" என்று சிரித்தார்கள். தையல் வலியில் எழுந்து உட்கார்ந்து பால் கொடுக்க முடியாமல் நான் அழுதது எனக்குத்தான் தெரியும். ஆஸ்பத்திரி வாசனை பட்டாலே நெஞ்சு படபடக்கும். பையனுக்குத் தடுப்பூசி போடக்கூட அவரைத்தான் அனுப்புவேன்.

நாலு வருஷம் கழித்து மறுபடியும் உண்டானபோது மனசுக்குள் ஒரு முடிவு எடுத்தேன். இந்தத் தடவை ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதில்லை.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே உள்ளடங்கிய கிராமம். எங்கள் தெருவில் பாதிப் பேரை உலகத்துக்குக் கொண்டுவந்த மருத்துவச்சி ஆயா அப்போது இருந்தாள். வலி வந்த பிறகு கூப்பிட்டால் வராமலா போவாள் என்பது என் கணக்கு. பழைய நூல் புடவைகளை வெந்நீரில் அலசிக் காயவைத்து மடித்தேன். புது பிளேடு இரண்டு, நூல்கண்டு, விளக்கெண்ணெய் பாட்டில், குழந்தைக்கு மெல்லிய துணிகள் எல்லாம் சேர்த்து மூட்டையாகக் கட்டி டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தேன். யாருக்கும் மூச்சு விடவில்லை.

எட்டாவது மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போகப் பட்டுப்புடவை எடுக்கப் பெட்டியைத் திறந்த மாமியார் கையில் மூட்டை அகப்பட்டது. பிளேடையும் நூலையும் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. நாலு பெற்று வளர்த்தவர் அல்லவா?

அன்று ராத்திரி வீட்டில் ஒரே களேபரம். "பைத்தியமா உனக்கு? உனக்கு ஒண்ணு ஆயிட்டா, இந்தப் பையனை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?" என்று என் வீட்டுக்காரர் கத்தினார். கல்யாணமாகி அவர் என்னை அப்படிக் கத்தியதே இல்லை. அது கோபம் இல்லை, பயம் என்று இப்போது தெரிகிறது. "ராத்திரியிலே வலி வந்தா மன்னார்குடி போகவே வண்டி கிடையாதும்மா" என்றார் மாமனார். உண்மைதான். 108 ஆம்புலன்ஸ் நம் தமிழ்நாட்டுக்கு வந்ததே 2008-ல்தான்.

நான் மாமியாரிடம் பாய்ந்தேன். "அத்தை, நீங்க இந்த வீட்டிலேயேதானே அஞ்சு பெத்தீங்க? எனக்கு மட்டும் ஏன் ஆகாது?"

அவர் கத்தவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அஞ்சு பெத்தேன். வீட்டிலே நாலுதானே இருக்கு, எண்ணிப் பாத்தியா? மூணாவது, கை முன்னால வந்துடுச்சு. ரெண்டு நாள் கிடந்தேன். மாட்டு வண்டியிலே கொண்டுபோனாங்க. புள்ளை வண்டியிலேயே போயிடுச்சு. நீ பொழைச்சவங்க கதையைத்தான் கேட்டிருக்கே. செத்தவ எவளும் வந்து கதை சொல்ல மாட்டா."

எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. ஏழு வருஷம் ஒரே அடுப்படியில் புழங்கியும் அந்தக் கதையை அவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார். "சரி, அந்த ஆஸ்பத்திரியிலே உன்னை என்னதான் பண்ணினாங்க? அதைச் சொல்லு."

நாலு வருஷத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் யாருமே கேட்டதில்லை. சொல்ல ஆரம்பித்தேன். அழுகை வந்தது. வாசலில் நின்ற என் வீட்டுக்காரரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் மாமியார் என்னை ஆயா வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனார். ஆயா கையை உதறினாள். "வயித்துலே கத்தி பட்ட உடம்பை நான் தொட மாட்டேன் கண்ணு. உள்ளே தையல் விட்டுச்சுன்னா என் கையிலே என்ன இருக்கு? வெந்நீரும் துணியும்தானே?" என்றாள். என் கணக்கு அங்கேயே தப்பாகிவிட்டது.

அப்புறம் நடந்ததெல்லாம் மாமியாரின் ஏற்பாடு. கிராம சுகாதார நர்ஸிடம் போய் விஷயத்தைச் சொன்னார். நர்ஸம்மா முதலில் கேட்டது பழைய ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டைத்தான். வயிற்றின் மேல் தெரிகிற தழும்பை வைத்து உள்ளே கர்ப்பப்பையில் எப்படிக் கீறியிருக்கிறார்கள் என்று சொல்ல முடியாதாம். அப்பா போய் அலைந்து அந்தச் சீட்டை வாங்கி வந்தார். கர்ப்பப்பையின் அடிப்பாகத்தில் குறுக்காகக் கீறியதாக எழுதியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே இருந்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "உங்க கர்ப்பப்பை ஒட்டுப் போட்ட புடவை மாதிரிம்மா. குறுக்கே போட்ட ஒட்டு பெரும்பாலும் தாங்கும். அதனாலே நீங்க சுகப்பிரசவத்துக்கு முயற்சி பண்ணலாம், தப்பே இல்லை. ஆனா எங்கேயோ ஒருத்திக்கு ஒட்டு விட்டுடும். விட்டா, தாய் புள்ளை ரெண்டு பேருக்கும் கையிலே இருக்கிறது நிமிஷக் கணக்குதான். அந்த நிமிஷத்திலே பக்கத்திலே தியேட்டர், ரத்தம், மயக்க டாக்டர் மூணும் இருக்கணும். வீட்டிலே இருக்குமா?"

சுகப்பிரசவத்துக்கு முயற்சி பண்ணலாம் என்று ஒரு டாக்டர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒரு தடவை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்தான் என்றே நான் நினைத்திருந்தேன். அந்தப் பயம்தான் என்னை மூட்டை கட்ட வைத்தது. "என்ன செய்யறதா இருந்தாலும் என்கிட்ட சொல்லிட்டுச் செய்யுங்க டாக்டர்" என்று கேட்டுக்கொண்டேன். சம்மதித்தார்.

கடைசி மூன்று வாரம் கரந்தையில் மாமியாரின் தங்கை வீட்டில் தங்கினேன். வலி ஆரம்பித்ததும் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தோம். மாமியாரைப் பக்கத்தில் இருக்க விட்டார்கள். ஒன்பது மணி நேரம் என் இடுப்பைத் தேய்த்துக்கொண்டு நின்றார். குழந்தையின் துடிப்பை விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரத்தநாட்டுப் பெண் ஒருத்தி. அவளுக்கும் தலைப்பிரசவம் சிசேரியன்தான். என் கண் முன்னாலேயே சுகமாகப் பெற்றாள்.

எனக்கு அப்படி அமையவில்லை. குழந்தையின் துடிப்பு இறங்க ஆரம்பித்தது. டாக்டரம்மா என் கையைப் பிடித்து, "துடிப்பு குறையுதும்மா, இனி காத்திருக்க வேண்டாம். ஆபரேஷன் பண்ணட்டுமா?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "பண்ணுங்க" என்று நானே கையெழுத்துப் போட்டேன். பெண் பிறந்தாள். எடுத்த உடனேயே என் கன்னத்தோடு வைத்துக் காட்டினார்கள்.

மறுநாள் டாக்டரம்மா, "பழைய ஒட்டு காகிதம் மாதிரி மெலிஞ்சிருந்தது, நல்ல வேளை" என்றார். மாமியார் ஒன்றும் பேசவில்லை. ஊருக்குத் திரும்பியதும் அந்த மூட்டையைப் பிரித்து, அந்த நூல் புடவையிலேயே என் மகளுக்குத் தூளி கட்டினார்.

இரண்டு தடவையும் எனக்கு ஆபரேஷன்தான். முதல் தழும்பைத் தொட்டால் இன்றைக்கும் வலிப்பது போல இருக்கும். இரண்டாவது அப்படி இல்லை. கத்தி ஒன்றுதான், நடத்திய விதம் வேறு.

இன்றைக்கு நம் மாநிலத்தில் நூறு பிரசவத்தில் தொண்ணூற்று ஒன்பதுக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நூற்றுக்குச் சுமார் 45 சிசேரியன். ஆகவே அடுத்த பிரசவம் எப்படி என்று கவலைப்படுகிற பெண் இல்லாத தெருவே இருக்காது. அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்:

பழைய ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். உள்ளே போட்ட கீறல் குறுக்கா, நெடுக்கா என்று கேளுங்கள். அடிப்பாகத்தில் குறுக்குக் கீறல் ஒன்றே ஒன்று என்றால், சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்கிறவர்களில் நூற்றுக்கு 70 பேருக்கு மேல் பலிக்கிறது. நெடுக்குக் கீறல் என்றால் வலி வரும்வரை காத்திருக்கவே கூடாது. குறுக்குக் கீறலிலும் சுமார் 200 பேரில் ஒருத்திக்கு ஒட்டு விட்டுப்போகிறது. அந்த ஒருத்தி யார் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. அதனால் முயற்சி செய்யுங்கள், ஆனால் உடனே ஆபரேஷன் செய்கிற வசதி உள்ள இடத்தில் செய்யுங்கள். இரண்டு பிரசவத்துக்கும் நடுவில் போதிய இடைவெளி விடுங்கள். வலிக்கு நடுவில் ஓயாத வலி, தழும்பில் வலி, உதிரப்போக்கு இருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள். துணைக்கு ஒரு பெண் இருக்கலாமா என்று முன்பே கேட்டு வையுங்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத் துணையை அனுமதிக்கலாம் என்று மத்திய அரசே 2016-ல் சொல்லியிருக்கிறது.

வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டிலேயே பெற்றுக்கொள்கிறேன் என்று ஒரு பெண் சொன்னால், உடனே பைத்தியம் என்று கத்தாதீர்கள். கத்தினால் அவள் மூட்டையை இன்னும் அடியில் ஒளித்துவைப்பாள், அவ்வளவுதான்.

என் மாமியார் இப்போது இல்லை. ஓரகத்தி மகள் செல்போனை நீட்டியபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. போனை வாங்கிக் கீழே வைத்தேன்.

"வீட்டிலே பெத்துக்கறதைப் பத்தி அப்புறம் பேசுவோம். முதல்லே, அந்த ஆஸ்பத்திரியிலே உன்னை என்னம்மா பண்ணினாங்க?" என்று கேட்டேன்.

அவள் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். பேசி முடிக்க விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது. அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கப் போகிறோம். கூட நானும் போகிறேன்.