பெயர் இருக்கிறது, பிள்ளை இருக்கிறதா?

 

அஸர் தொழுகை முடிந்ததும் பிள்ளையின் கையில் போனைக் கொடுத்து, "ஓதல் வகுப்புக்குப் போங்க மகள்" என்று அனுப்பிவிட்டு நீங்கள் குசினிக்குள் செல்கிறீர்கள். உள்ளே ஆசிரியரின் குரல் கேட்கிறது. பிள்ளை படிக்கிறது என்று மனம் ஆறுதல் அடைகிறது. மறுபுறத்தில் எங்கள் நிலை என்ன? திரையில் இருபத்தைந்து கறுப்புக் கட்டங்கள் தெரியும். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் இருக்கும். சில கட்டங்களில் உம்மாவின் பெயர், சிலவற்றில் வாப்பாவின் கடைப் பெயர். ஒரு கேள்வி கேட்டால் பதில் வராது. பெயர் சொல்லி அழைத்தாலும் வராது. பெயர் வகுப்பில் இருக்கிறது. பிள்ளை முற்றத்தில் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருக்கிறது.

இந்த வகுப்புகள் நம் வீடுகளுக்குள் வந்த கதையை நீங்கள் அறிவீர்கள். 2020 மார்ச் மாதத்தில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டன. குர்ஆன் மத்ரஸாக்களும் மூடப்பட்டன. 2022இல் எரிபொருள் இல்லாமல் மறுபடியும் பாடசாலைகள் மூடப்பட்டன. அந்த ஆண்டு மார்ச் இறுதியில் ஒரு நாளைக்குப் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததையும் மறந்திருக்க மாட்டீர்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோதும் பாடசாலைக் கதவுகள் அடைபட்டன. ஒவ்வொரு முறையும் போன்தான் வகுப்பறையாயிற்று. சோதனைக் காலம் கடந்த பின்னரும் அது போகவில்லை. வார நாட்களில் போனில் பாடம், வார இறுதியில் நேரில் பாடம் என்ற கலப்பு முறை இன்று பல ஊர்களில் நிலைத்துவிட்டது. ஆகவே, இது நல்லதா கெட்டதா என்று தர்க்கித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. இந்த வகுப்பில் பிள்ளையை எப்படி உயிரோடு வைத்திருப்பது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

கேள்வி கேட்ட ஆசிரியர்

கற்பித்தலில் நமக்கு முன்மாதிரி அண்ணல் நபி (ஸல்) அவர்கள்தான். அவர்கள் எப்போதும் தாமே பேசிக்கொண்டிருக்கவில்லை. ஒரு நாள் தோழர்களிடம் ஒரு விடுகதை போடுகிறார்கள். இலை உதிராத ஒரு மரம், அது முஃமினுக்கு ஒப்பானது, அது எந்த மரம் என்று கேட்கிறார்கள். எல்லோருடைய சிந்தனையும் காட்டு மரங்களின் பக்கம் ஓடுகிறது. சபையில் இருந்த சிறுவர் இப்னு உமர் (ரழி) அவர்களுக்கு அது பேரீச்ச மரம் என்று தோன்றுகிறது. ஆனால், பெரியவர்கள் மத்தியில் வாய் திறக்க வெட்கப்பட்டு மௌனமாக இருந்துவிடுகிறார்கள். பின்னர் அதைத் தந்தையிடம் சொன்னபோது, நீ அதை அங்கே சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ பிரியமாக இருந்திருக்கும் என்று உமர் (ரழி) அவர்கள் கூறினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் செய்தி இது.

சகோதரிகளே, இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. பதிலைச் சொல்லிக் கொடுக்குமுன் தோழர்களைத் தேட வைத்தார்கள் நபி (ஸல்) அவர்கள். பிள்ளை சபையில் பேசுவதை ஆசையோடு எதிர்பார்த்தார்கள் உமர் (ரழி) அவர்கள். முதலாவது ஆசிரியர்களாகிய எங்களுக்குரிய பாடம். இரண்டாவது பெற்றோராகிய உங்களுக்குரியது.

தொழுகையைச் சரிவர நிறைவேற்றாத ஒரு மனிதரை நபியவர்கள் மூன்று முறை திருப்பி அனுப்பி மீண்டும் தொழச் சொன்ன நிகழ்ச்சியையும் எண்ணிப் பாருங்கள். இதைவிட நன்றாக எனக்குத் தெரியாது, கற்றுத் தாருங்கள் என்று அவரே கேட்கும் வரை காத்திருந்துதான் விளக்கம் அளித்தார்கள். கேட்டுப் பெற்ற அறிவு மனதில் தங்குகிறது.

பழைய மத்ரஸாவின் வழி

மாணவன் தன் கல்வியைத் தானே பொறுப்பேற்க வேண்டும் என்று இன்றைய கல்வியியலாளர்கள் வலியுறுத்துகிறார்கள். பாடத்தை முன்கூட்டியே வீட்டில் பார்த்துவிட்டு வகுப்பு நேரத்தைக் கலந்துரையாடலுக்குப் பயன்படுத்த வேண்டும் என்கிறார்கள். அரபுக் கல்லூரியில் ஓதியவர்களுக்கு இது புதுமையல்ல. நாளை உஸ்தாத் நடத்தவிருக்கும் பாடத்தை இன்றிரவே மாணவன் தானாக வாசித்து, புரியாத இடத்தைக் குறித்துவைப்பான். இதற்கு முதாலஆ என்று பெயர். பாடம் முடிந்த பின் இரண்டு மூன்று பேர் வட்டமாக அமர்ந்து, ஒருவர் உஸ்தாதாக இருந்து மற்றவர்களுக்கு அதே பாடத்தைத் திரும்ப நடத்துவார். இதற்குத் தக்ரார் என்று பெயர். நானும் அப்படி ஓதி வந்தவன்தான். உஸ்தாதிடம் கேட்டதை விடத் தக்ராரில் நானே நடத்திய பாடங்கள்தான் இன்றும் நினைவில் நிற்கின்றன.

வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் அவர்கள் 1377இல் எழுதிய முகத்திமாவில் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். வாழ்நாளில் பெரும் பகுதியைக் கல்விச் சபைகளில் கழித்தும், வாய் திறவாமல் மனனம் மட்டுமே செய்துகொண்டிருந்த மாணவர்களுக்கு அறிவில் ஆற்றல் கைகூடவில்லை என்று குறைப்படுகிறார்கள். அவர்கள் காலத்து மொரோக்கோவில் மத்ரஸாப் படிப்புக்கு 16 ஆண்டுகளும், தூனிஸில் 5 ஆண்டுகளும் என்று இருந்ததாம். கலந்துரையாடும் பழக்கம் இல்லாததே அந்தத் தாமதத்துக்குக் காரணம் என்பது அவர்களின் கணிப்பு. ஆக, வாய்மூடி அமர்ந்திருக்கும் மாணவன் ஸூம் வந்த பிறகு பிறந்தவன் அல்லன். அவன் அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரும் இருந்தான். போன் அவனுக்கு ஒளிந்துகொள்ள இன்னொரு திரையைக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

போனுக்கு ஒரு வேலை, நேருக்கு ஒரு வேலை

குர்ஆன் வகுப்பைப் பொறுத்தவரை போனால் முடியாத காரியங்கள் உண்டு. பிள்ளைகள் ஒரே குரலில் சேர்ந்து ஓத முடியாது. ஒவ்வொருவர் குரலும் ஒவ்வொரு நேரத்தில் வந்து சேர்ந்து வெறும் இரைச்சலாகிவிடும். ஸீனையும் ஸாதையும் பிரித்தறிவது கடினம். நாவு எங்கே படுகிறது என்பதைப் பார்க்கவும் முடியாது. ஆகவே, எழுத்துகளின் உச்சரிப்பை நேரில் இருக்கும் நாளுக்கு என்றே ஒதுக்கிவிடுகிறேன்.

ஆனால், போனால் மட்டுமே முடிந்த ஒரு காரியமும் இருக்கிறது. பிள்ளை தன் ஓதலைத் தானே கேட்கலாம். முன்பெல்லாம் பிள்ளை ஓதும், நாம் பிழை சொல்லுவோம், பிள்ளை தலையாட்டும். இப்பொழுது நான் ஒரு விதி வைத்திருக்கிறேன். மூன்று வசனங்களை ஓதிக் குரல் பதிவாக வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். அனுப்புமுன் அதைத் தானே இரு முறை கேட்டு, எங்கே பிழைத்தது என்று கொப்பியில் எழுத வேண்டும். பிழையில்லாமல் ஓதியவரை விட, தன் பிழையைச் சரியாகக் கண்டுபிடித்தவருக்கே என்னிடம் அதிகப் பாராட்டு. சில வாரங்களில் பிள்ளைகள் ஒரே பகுதியை ஐந்து ஆறு தடவை ஓதிப் பதிவு செய்யத் தொடங்கிவிட்டார்கள். ஏன் என்று கேட்டால், "எனக்கே சரியில்லாத மாதிரி இருந்திச்சு ஹஸரத்" என்கிறார்கள். எனக்கே என்ற அந்தச் சொல்தான் நாம் தேடுவது.

நேரடி வகுப்பிலும் வேலைகளைப் பிள்ளைகளிடமே பிரித்துக் கொடுத்திருக்கிறேன். ஒருவர் வரவு பதிவார். கட்டணமில்லாத ஸூம் 40 நிமிடத்தில் நின்றுவிடும் என்பதால் ஒருவர் நேரம் பார்ப்பார். ஒருவர் சென்ற பாடத்தை இரண்டு நிமிடத்தில் சொல்லுவார். இந்தப் பொறுப்புகள் வாரந்தோறும் கைமாறும். பொறுப்புள்ள பிள்ளை முற்றத்துக்கு ஓடுவதில்லை.

ஓர் உம்மும்மாவின் ஓதல்

பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருத்தி. மூன்று மாதங்களாகப் பெயர் மட்டும் வந்தது, குரல் வரவில்லை. ஒரு வாரம் எல்லோருக்கும் ஒரு வேலை கொடுத்தேன். இந்த வாரம் படித்ததில் ஒன்றை வீட்டில் யாருக்காவது கற்றுக்கொடுத்து, அவர் ஓதுவதைப் பதிவு செய்து அனுப்புங்கள் என்றேன். அந்தப் பிள்ளையிடமிருந்து நான்கு நிமிடப் பதிவு வந்தது. அதில் அவளுடைய உம்மும்மா ஸூரத்துல் பாத்திஹா ஓதுகிறார். ஓரிடத்தில் எழுத்து மாறுகிறது. "அப்படியில்ல உம்மும்மா, தொண்டையிலரிந்து வரணும், என்னைப் பாருங்க" என்று அந்தப் பிள்ளை திருத்துகிறாள். ஏழெட்டு முறை. ஒரு முறை கூடக் குரல் உயரவில்லை. கடைசியில் அந்தப் பெரியம்மா சரியாக ஓதிவிட்டுச் சிரிக்கும் சத்தமும் கேட்டது.

அடுத்த வகுப்பில் அவள் தானாகவே பேசினாள். "ஹஸரத், உம்மும்மா இவ்வளவு காலமும் பிழையாத்தானே ஓதித் தொழுதிருக்காங்க. அந்தத் தொழுகையெல்லாம் என்னாகும்? ராவையில அவங்க அழுதாங்க."

வகுப்பு அமைதியாகிவிட்டது. நான் உடனே விடை சொல்லவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று மற்றப் பிள்ளைகளிடம் கேட்டேன். ஒருவர் பின் ஒருவராக மைக்கைத் திறந்தார்கள். தெரியாமல் செய்தது குற்றமில்லை என்றாள் ஒருத்தி. அல்லாஹ் மனதைப் பார்க்கிறான் என்றாள் இன்னொருத்தி. கற்றுத்தர ஆளில்லாத காலமல்லவா அது என்றான் ஒரு பையன். எல்லோரும் சொல்லி முடித்த பின்னர், குர்ஆனைத் தட்டுத் தடுமாறிச் சிரமப்பட்டு ஓதுபவருக்கு இரு கூலிகள் உண்டு என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழியைச் சொன்னேன். தன்னால் இயன்றவரை ஓதியவரை, அறியாமல் நேர்ந்த பிழைக்காக அல்லாஹ் பிடிக்க மாட்டான் என்று மார்க்க அறிஞர்கள் கூறும் விளக்கத்தையும் எடுத்துச் சொன்னேன். "இதை நீங்களே போய் உம்மும்மாகிட்டச் சொல்லுங்க மகள்" என்றேன். மறுநாள் வந்த பதிவில் உம்மும்மா எனக்கு ஸலாம் சொல்லி, தன்னையும் வகுப்பில் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டிருந்தார்.

அந்த நாற்பது நிமிடத்தில் பாடத்திட்டத்தில் ஒரு வரி கூட நகரவில்லை. ஆனால், திரையில் ஒரு கறுப்புக் கட்டமும் மௌனமாக இருக்கவில்லை.

முகம் காட்டாமலும் பேசலாம்

பெண் பிள்ளைகள் கமராவைத் திறக்கத் தயங்குகிறார்கள் என்று சில ஆசிரியர்கள் குறை சொல்வதுண்டு. இதில் கட்டாயம் வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரே அறையுள்ள வீடுகளும் இருக்கின்றன. பின்னால் யார் நடமாடுகிறார்கள் என்ற கூச்சமும் நியாயமானதே. முகத்தைக் காட்டாமலே பிள்ளை குரலால் வகுப்பில் இருக்கலாம். எழுதிய பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பலாம். எழுத்தில் கேள்வி கேட்கலாம். அன்ஸாரிப் பெண்கள் மார்க்கத்தை விளங்கிக்கொள்ள வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று ஆயிஷா (ரழி) அவர்கள் பாராட்டினார்கள். வெட்கத்தைக் காத்துக்கொண்டே கேள்வி கேட்ட பெண்கள் அவர்கள். நம் பெண் பிள்ளைகளுக்கும் இரண்டும் வேண்டும்.

தாய்மாருக்குச் சில வார்த்தைகள்

முதலாவதாக, பதிலைக் காதில் ஓதாதீர்கள். நான் கேள்வி கேட்டதும் பின்னாலிருந்து உம்மாவின் கிசுகிசுப்பு எங்களுக்குத் தெளிவாகவே கேட்கிறது. பிள்ளை மானம் போய்விடக் கூடாது என்ற அன்பினால் செய்கிறீர்கள். ஆனால், பிள்ளை கற்றுக்கொள்வது உம்மா இருக்கும்போது நான் சிந்திக்கத் தேவையில்லை என்பதைத்தான்.

இரண்டாவதாக, மைக் திறந்திருக்கும்போது ஏசாதீர்கள். பிழையாகச் சொன்னதற்காக எல்லோர் காதும் கேட்க ஒரு முறை ஏச்சு வாங்கிய பிள்ளை மறுபடி வாய் திறக்கப் பல மாதம் எடுக்கும்.

மூன்றாவதாக, வகுப்புக்குச் சேரும் வேலையைப் பிள்ளையிடமே விடுங்கள். நேரத்தை நினைவு வைப்பது, போனுக்குச் சார்ஜ் போடுவது, கொப்பியை எடுத்து வைப்பது எல்லாம் பிள்ளையின் வேலை. ஒரு நாள் பிந்தினால் பிந்தட்டும். காரணத்தை ஆசிரியரிடம் பிள்ளையே சொல்லட்டும்.

நான்காவதாக, மூன்று பிள்ளைகளுக்கு ஒரே போன் என்றால், அதுவும் வாப்பாவோடு வேலைக்குப் போய்விடும் என்றால், வெட்கப்படாமல் எங்களிடம் சொல்லுங்கள். இரவில் குரல் பதிவைக் கேட்டுப் பதில் அனுப்பும் பிள்ளையும் வகுப்பில் உள்ள பிள்ளையே. டேட்டா ரீலோட் பண்ண வசதியில்லாத வீடு, சிக்னல் இல்லாத ஊர் என்பதற்காக ஒரு பிள்ளையின் கல்வி நின்றுபோகக் கூடாது.

கடைசியாக, வகுப்பு முடிந்ததும் "படிச்சீங்களா?" என்று கேட்காதீர்கள். அதற்கு "ஓம்" என்ற பதில் மட்டும்தான் வரும். "இன்றைக்கு நீங்க என்ன கேள்வி கேட்டீங்க?" என்று கேளுங்கள். "எனக்கும் அதைச் சொல்லித் தாங்க" என்று கேளுங்கள். பிள்ளை உஸ்தாதாகட்டும், நீங்கள் மாணவியாகுங்கள். பத்து நிமிடம் போதும்.

அன்புச் சகோதரிகளே! 2020இல் முதலாம் தரத்தில் சேர்ந்த பிள்ளைகள் அலிஃப் பா கற்க வேண்டிய வயதில் திரையைப் பார்த்து வளர்ந்தவர்கள். அவர்களில் பலர் நன்றாக ஓதுகிறார்கள். சிலர் இன்னும் எழுத்துக் கூட்டுகிறார்கள். இரண்டு சாராரின் வீட்டிலும் போன் இருந்தது. ஒரு வீட்டில் பிள்ளையின் குரலைக் கேட்க யாரோ ஒருவர் இருந்தார் என்பதே நான் கண்ட வித்தியாசம். நம் ஒவ்வொருவரிடமும் நம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றிக் கேட்கப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அந்த நாளில் வரவுப் பதிவேட்டைக் காட்டித் தப்ப முடியாது.

நம் பிள்ளைகளைக் கல்வியை நேசிப்பவர்களாகவும், கற்றதைப் பிறருக்கு எத்திவைப்பவர்களாகவும் அல்லாஹுத் தஆலா ஆக்கி அருள்வானாக! ஆமீன்.