தோல் காயும் வாசனை

ஆனி கடைசியில் அத்தைக்கு முடியவில்லை என்று போன் வந்து, கூடலூரில் இறங்கி, சுல்தான் பத்தேரி போகிற பஸ்ஸைப் பிடித்து தேவர்சோலையில் கால் வைத்தபோது நூல் மழை பிடித்திருந்தது, குடை விரித்தால் தேவையில்லை போலிருக்கும், மடக்கினால் அஞ்சு நிமிஷத்தில் சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும், அந்த மாதிரி மழை. சின்ன வயசில் இந்த ஊருக்கு வந்தால் முதலில் மூக்குதான் இறங்கும், தேயிலை ஃபேக்டரியில் அரைத்துக் கொட்டிய தூள் பழுக்கிற வாசனை ஈரக்காற்றில் ஏறி ரோட்டுக்கே வந்து நம்மை அழைத்துப் போகும். இந்தத் தடவை டீசல் புகையும் புரோட்டாக்கல் எண்ணெயும்தான் வந்தன, டீக்கடையில்கூட பாக்கெட் பால் காய்கிற வாசனையைத் தவிர வேறொன்றும் இல்லை.

அத்தை வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு ஹாலில் ரத்தப் பரிசோதனை முகாம் நடந்துகொண்டிருந்தது, சிக்கிள் செல் என்று இங்கே எல்லோரும் சொல்கிற அரிவாள் அணுச் சோகைக்கு. சுவரில் பெரிய டிவி, அதில் சிவப்பு வட்டங்கள் ஓடுவதும் அவை வளைந்து பிறை மாதிரி ஆவதும் சத்தமில்லாமல் திரும்பத் திரும்ப ஓடின, பெஞ்சில் இருந்த பணியர் பழங்குடிப் பெண்கள் அதற்கு முதுகைக் காட்டி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு பெருமூச்சு வந்தது, நடையைக் கட்டலாம் என்று திரும்பும்போதுதான் ஹாலுக்குப் பக்கவாட்டில், தார்ப்பாய்க்குக் கீழே, ஒரு கிழவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து காய்ந்த தென்னோலையைக் கொளுத்தி, கையடக்கமான துடி ஒன்றை அந்த அனலில் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதைவிட மோந்தேன் என்று சொல்ல வேண்டும். ஈரத்தோல் சூடாகும்போது ஒரு வாசனை வரும், பாதி மாட்டுத் தொழுவம், பாதி அடுப்படி, ஓலைப் புகையோடு சேர்ந்தால் அது மூக்கில் நிற்காமல் தொண்டைக்கு இறங்கும், அந்த வாசனைக்குள் என் தாத்தா இருக்கிறார்.

தாத்தா இலங்கையில் பதுளைப் பக்கத்துத் தோட்டத்தில் தப்படித்தவர். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்பதென்று எழுதினார்களே, அந்தக் கணக்கில் ஒரு தலையாக இந்தப் பக்கம் வந்து, எங்களைப் போன்றவர்களுக்காகவே 1968-ல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத்தில் பெயர் பதிந்து, லயத்துக் காம்பராவில் குடியேறியவர். தகரப் பெட்டியில் அவர் கொண்டுவந்த சாமான்களில் பாதி இடத்தைத் தப்பு பிடித்துக்கொண்டது என்று அப்பாயி கடைசிவரை குறை சொன்னாள். பதுளையில் விடிகாலையில், வேலைக்கு வரிசை நிற்கிற பெரட்டுக்கு ஆள் கூப்பிடுவது தப்புதான், அந்த அடி வேறு, சாவுக்கு அடிக்கிற அடி வேறு, மாசியில் காமன் கூத்துக்கு அடிக்கிற அடி வேறு, பூச்சிமருந்து கொடுக்க டிஸ்பென்சர் வந்து நிற்கிறார் என்றால் அதற்கும் ஒரு அடி உண்டென்று தாத்தா சொல்வார். "வாயால சொன்னா காதோட போயிரும், தப்பு சொன்னா கால் தானா எந்திரிச்சு வரும்" என்பார். மாசி பிறந்தால் லயத்து வாசலில் வைக்கோலைக் கொளுத்தி தப்பைக் காய்ச்சுவார், நெருப்புக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு சாண் இருக்க வேண்டும், குறைந்தால் கருகும், கூடினால் ஊமையாகும், அவ்வப்போது எடுத்து நடுவிரல் நகத்தால் ஒரு சுண்டு, காதோரம் வைத்து ஒரு கேட்பு, மறுபடி நெருப்பு. எனக்கு வேலை வைக்கோல் எடுத்துப் போடுவது. காய்ந்து முடிந்ததும் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு சாயத் தேத்தண்ணியை உறிஞ்சுவார், அந்த உறிஞ்சல் சத்தத்திலேயே தோல் பதத்துக்கு வந்துவிட்டது என்று தெரிந்துவிடும்.

மருந்து, ஊசி என்றால் எனக்கு முதலில் குன்னூர்தான். ஏழு வயதில் லயத்து நாய் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது, தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்ட காலம் அது, அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு கூடலூர், ஊட்டி, குன்னூர் என்று மூன்று பஸ் மாறிப் போனார். சிம்ஸ் பார்க்குக்கு எதிரே பாஸ்டர் இன்ஸ்டிடியூட், 1907-ல் நாய்க்கடிக்காகவே திறந்த இடம், கண்ணாடி ஜன்னலில் சாய்வாக விழுந்த வெயில், ஸ்பிரிட்டும் தைல மரத்து இலையும் கலந்த வாசனை, வெள்ளைக் கோட்டுகள். அந்த வளாகத்தில் நடந்த இன்னொரு காரியத்தைப் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ராபர்ட் மெக்கரிசன் என்ற டாக்டர் 1920-களில் அங்கே எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் சாப்பாடு, ஒன்றுக்குப் பட்டாணியர் சாப்பாடு, ஒன்றுக்கு வங்காளத்துச் சாப்பாடு, ஒன்றுக்கு மதராஸ் சாப்பாடு என்று போட்டு வளர்த்து எடை பார்த்தார், கோதுமை ரொட்டியும் பாலும் கீரையும் தின்ற எலி கொழுகொழுவென்று நிற்க, தீட்டிய அரிசியை நம்பிய நம் ஊர் எலி கடைசியில் நின்றது. அந்த ஆய்வுக்கூடம் பெரிதாகி, அய்க்ராய்டு அதன் தலைவராக இருந்தபோது இந்திய உணவுகளின் சத்துப் பட்டியல் 1937-ல் வெளிவந்து, 1958-ல் அந்தக் கூடமே ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. இதெல்லாம் எங்கள் லயத்திலிருந்து மூன்று பஸ் தூரத்தில் நடந்தது, எங்கள் அப்பாயி சாகும்வரை கஞ்சித்தண்ணியை வடித்துக் கீழே கொட்டினாள், அரிசி எத்தனைக்கெத்தனை வெள்ளையோ அத்தனைக்கத்தனை கௌரவம் என்று நினைத்தாள். அவளிடம் வந்து சொல்ல ஒரு தப்பு இல்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

தப்போடு வந்ததை அவள் ஒரே சாயங்காலத்தில் ஏற்றுக்கொண்டாள் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். அறிவியலைப் பாட்டாகவும் நாடகமாகவும் கட்டி ஊர் ஊராகக் கொண்டுபோகும் கலைப்பயணத்தை கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1980-ல் தொடங்கி வைத்தது, அதே ஆண்டு பிறந்த தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் பின்னால் அந்த வழியில் இறங்கியது, 1987-லும் 1990-லும் நாடு முழுக்க ஜாத்தாக்கள் போயின, 1991-ல் புதுக்கோட்டை அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். அந்தக் காற்று அடித்த வருஷங்களில் ஒரு கலைக்குழு எங்கள் லயத்துக்கும் வந்தது, ஜீப்பில் எட்டுப் பேர், கழுத்தில் சிவப்புத் துண்டு, ஒரு பறை, ஒரு டோலக். தாத்தாதான் அவர்கள் பறையை வாங்கிச் சுண்டிப் பார்த்து, முகம் சுளித்து, காய்ச்சிக் கொடுத்தார். நாடகம் பேதியைப் பற்றியது. ஒரு பழைய சேலையை இரண்டு பேர் குறுக்கே விரித்துப் பிடித்தார்கள், அது குடல், உப்பு என்று ஒருத்தி வந்து அதைத் தட்டினாள், திறக்கவில்லை, தண்ணீர் வந்து தட்டினாள், திறக்கவில்லை, சர்க்கரை வந்து உப்பின் கையைப் பிடித்துக்கொண்டு தட்டியதும் சேலை விலக, உப்பின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரும் உள்ளே போனாள், அப்போது பறை ஒரு திருப்பு திரும்பியது பாருங்கள், குழந்தைகள் எல்லாம் எழுந்து நின்று கத்தினோம். உப்பைக் குடல் உறிஞ்ச சர்க்கரை துணை வேண்டும், உப்பு போன இடத்துக்குத் தண்ணீர் தானே போகும் என்று 1960-களில் கண்டுபிடித்ததுதான் அது, 1971-ல் வங்கதேச அகதிகள் போங்காவ் முகாமில் காலராவில் கொத்துக் கொத்தாகச் செத்தபோது டாக்டர் திலீப் மகலனாபிஸ் அந்தத் தண்ணீரை டிரம்மில் கலந்து குடிக்கக் கொடுத்துச் சாவைத் தடுத்தார், அதன் பிறகு வங்கதேசத்தில் பிராக் அமைப்பின் பெண்கள் பத்து வருஷம் வீடு வீடாகப் போய், மூன்று விரல் கிள்ளு உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை லிட்டர் போலத் தண்ணீர் என்று ஒரு கோடிக்கும் மேலான வீடுகளில் தாய்மார்களின் கையையே அளவுகோலாக்கிக் கற்றுக்கொடுத்தார்கள். எங்கள் லயத்தில் பேதியான பிள்ளைக்குத் தண்ணி காட்டக்கூடாது, காட்டினால் இன்னும் போகும் என்பது சட்டம், மருந்தகச் சுவரில் வருஷக்கணக்காக ஒட்டியிருந்த படம் அந்தச் சட்டத்தை அசைக்கவில்லை. நாடகம் நடந்து நாலாம் நாள் பக்கத்துக் காம்பராப் பிள்ளைக்கு வயிற்றால் போனபோது, அப்பாயி லோட்டாவில் தண்ணியை எடுத்து, சர்க்கரையைப் போட்டு, மூன்று விரலால் உப்பைக் கிள்ளிக்கொண்டு, "இவ அவளோட கையப் புடிக்கணும்" என்று முணுமுணுத்தபடி கலக்கினாள். அந்த மூன்று விரல்கள் எனக்கு இப்போதும் தெரிகின்றன, கொழுந்து கிள்ளிக் கிள்ளி நகக்கண் கறுத்த விரல்கள்.

கூடலூரில் 1990-ல் ஆரம்பித்த ஆதிவாசி ஆஸ்பத்திரிக்கு அவளைக் கடைசிக் காலத்தில் கூட்டிப்போனபோது அங்கே ரத்த அழுத்தம் பார்த்தது ஒரு பணியர் பெண். அக்கார்டு, அஸ்வினி என்ற தொண்டு அமைப்புகளும் ஆதிவாசி முன்னேற்ற சங்கமும் சேர்ந்து வளர்த்த அந்த இடத்தில் பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் வீட்டுப் பெண்களே நர்ஸாகப் பயின்று நின்றார்கள், நோயாளியின் பாஷையிலேயே நோயைக் கேட்டார்கள். அப்பாயி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நம்ம பிள்ளைக மாதிரியே இருக்கு" என்றாள், அவள் வாயில் அது பெரிய வார்த்தை.

ஓலை அணைந்தபோதுதான் நான் இன்னும் தார்ப்பாய்க்குக் கீழே நிற்பது உறைத்தது. கிழவர் துடியைத் தட்டினார், நாலைந்து அடிதான், பெஞ்சில் இருந்தவர்கள் தலை திரும்பியது, மழைக்கு ஒதுங்கி நின்றவர்களும் உள்ளே வந்தார்கள். ஹாலிலிருந்து ஒரு பெண் பிள்ளை வந்து டிவியை அணைத்தாள், இருபத்தைந்து வயதிருக்கும், கழுத்தில் அடையாள அட்டை, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து மடியிலிருந்து ஒரு சுருக்குப்பையை அவிழ்த்தாள், உள்ளே குன்றிமணி, சிவப்பில் ஒரு கை, வெள்ளையில் ஒரு கை. எதிரே இருந்த கிழவி தன்னையறியாமல் காதைத் தொட்டாள், தாழையோலையைச் சுருட்டி மெழுகில் குன்றிமணி பதித்த பழைய தோடு அவள் காதில் இருந்தது, அந்த மணிகளைத் தரையில் பார்த்ததும் முகத்தில் ஒரு நெருக்கம் வந்தது.

இந்த ஆதிவாசிகளுடைய ரத்தத்தில் இந்த வளைவு இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் இந்த நீலகிரி மலையிலேயே கண்டு 1952-ல் எழுதினார்கள், இந்தியாவில் வந்த முதல் சேதிகளில் அது ஒன்று. வளைந்த அணு ஒல்லி நாளங்களில் சிக்கி அடைத்துக்கொள்ளும், எலும்பு நொறுங்குகிற வலி வரும், நூற்றிருபது நாள் வாழ வேண்டிய அணு இருபது நாள்கூடத் தாங்காது, குளிரும் உடம்பில் தண்ணீர் குறைவதும் காய்ச்சலும் அந்த வலியை இழுத்துக்கொண்டு வரும், ஆறு மாதம் நனைகிற ஊரில் இப்படி ஒரு நோய். ஆனாலும் அந்த வித்து ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் நோயில்லை, மலேரியா வந்தாலும் ஆளைக் கொல்லாமல் காக்கும் என்று ஆலிசன் 1954-ல் ஆப்பிரிக்காவில் காட்டினார், காடு திருத்த வந்தவர்கள் குளிர்காய்ச்சலில் விழுந்த வயநாட்டு ஓரத்தில் இவர்கள் தலைமுறை தலைமுறையாக நின்றதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும். 2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய திட்டம் ஏழு கோடிப் பேரைச் சோதிக்கவும் 2047-க்குள் நோயை ஒழிக்கவும் இலக்கு வைத்தது.

அந்தப் பெண் பேசியதில் இந்த எண் எதுவும் இல்லை. ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும் எதிரெதிரே உட்காரவைத்தாள், ஆளுக்கு ஒரு சிவப்பும் ஒரு வெள்ளையும் கொடுத்தாள், கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஏதாவது ஒன்றை மட்டும் முன்னால் நீட்டச் சொன்னாள், நீட்டிய இரண்டும் சேர்ந்தது பிள்ளை. சிவப்பும் சிவப்பும் வந்தது, சிரித்தார்கள். சிவப்பும் வெள்ளையும் வந்தது, பிள்ளை நன்றாக இருக்கும், வெள்ளையை மட்டும் சுமக்கும் என்றாள். வெள்ளையும் வெள்ளையும் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள், "மூணு பிள்ளைக்கு வரலேன்னா நாலாவதுக்குக் கட்டாயம் வந்துருமா?" நாலில் ஒன்று என்று கேட்டிருப்பாள் போல, அந்தப் பயம் குரலில் இருந்தது. பெண் பதில் சொல்லவில்லை, நீட்டிய மணிகளை அவரவர் கைக்கே திருப்பிக் கொடுத்து, மறுபடி பின்னால் கொண்டுபோகச் சொன்னாள், மறுபடி, மறுபடி. ஒவ்வொரு தடவையும் கையில் அதே ஒரு சிவப்பு, அதே ஒரு வெள்ளை, போன பிள்ளைக்கு வந்தது இந்தக் கைக்குத் தெரியாது. கேட்டவள் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு வரிசையில் போய் நின்றாள். குழந்தைகள் எடுத்து வாயில் போட்டுவிடாமல் பெண் மணிகளை எண்ணி எண்ணிப் பைக்குள் போட்டாள், குன்றிமணி விஷம்.

"மூப்பா, நீங்களும் குடுத்துருங்க" என்று அவள் கிழவரைக் கூப்பிட்டாள். அவர் துடியை எங்கே வைப்பதென்று சுற்றிப் பார்த்தார், தரை ஈரம், கூரை ஒழுக்கு. நான் கையை நீட்டினேன். ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். இரண்டு ஓலையை எடுத்துத் தணலில் போட்டு ஊதினேன், பிடித்துக்கொண்டது, துடியை நீட்டியதும் கை தானாக ஒரு சாணில் நின்றது, இத்தனை வருஷத்தில் எந்தத் தோலையும் காய்ச்சாத கை. விரல் நுனியில் பஞ்சை அழுத்திக்கொண்டு அவர் திரும்பி வந்து, பஞ்சு இல்லாத கையின் நகத்தால் சுண்டி, காதோரம் வைத்துக் கேட்டார்.

"இன்னும் ஒரு ஓல போடு" என்றார்.