மறுபடியும் மோட்டார் சைக்கிள்

வாசகியரே, பத்து வருஷம் கழித்து மறுபடி மோட்டார் சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்றதும், நல்லூரில் என் அம்மா, "உனக்கெதுக்குக் கண்ணு இந்த வம்பு?" என்றாள்.

கண்ணைப் பறித்த முதல் வண்டியின் ஆசன உயரம் 805 மில்லிமீட்டர். என் குதிகால் தரையைத் தொடவில்லை, நெஞ்சு படபடத்தது. 2020இல் வெளிவந்த ராயல் என்பீல்டு மீட்டியாருக்கு 765தான். இரண்டு பாதமும் ஊன்றின. நாலு சென்டிமீட்டரில் பயம் பறந்தது!

டாங்கு 15 லிட்டர். லிட்டருக்கு 30 கிலோமீட்டர் என்று குறைத்தே கணக்கிட்டாலும் 450 கிலோமீட்டர். கனமோ 191 கிலோ! ஆகையால் தள்ளிப் பார்த்த பிறகே பணம் கொடுத்தேன்.

நீங்களும் அழகைப் பார்க்குமுன் பாதம் ஊன்றுகிறதா என்று பாருங்கள்.

அம்மாவா? நேற்று காங்கயம் ரோட்டில், தலைக்கவசத்தோடு பின்னால் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்ச தூரம் போலாம் கண்ணு" என்கிறாள்!