முன்சியாரி தூரம்

மலை பார்க்கப் போய்வருகிறவர்களுக்கு இந்த ஏக்க நோய் வருவதில்லை. நைனிடாலில் இரண்டு நாள், முசூரியில் இரண்டு நாள், ஒரு கம்பளித் தொப்பி, ஏரியில் ஒரு படகு, அவ்வளவுதான். வீடு திரும்பியதும் படங்களைச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த லீவுக்கு எங்கே என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். கொடுத்துவைத்தவர்கள். ஒரே ஊரில், ஒரே வீட்டில், அந்த வீட்டு நாய் நம்மைப் பார்த்துக் குரைப்பதை விட்டுவிட்டு வாலாட்டத் தொடங்கும்வரை தங்கிவிட்டு வந்தவர்களைத்தான் இது பிடிக்கும். உங்களையும் பிடித்திருந்தால், நான் சொல்லப்போவது எதுவும் உங்களுக்குப் புதிதாக இருக்காது. ஊர்ப்பெயர்தான் வேறாக இருக்கும்.

என்னுடையது முன்சியாரி. உத்தராகண்டின் பித்தோராகட் மாவட்டத்தில், திபெத் எல்லையை நோக்கிப் போகும் ஜோஹார் பள்ளத்தாக்கின் வாசலில், சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ரயில் காட்கோதாமோடு நின்றுவிடும். அங்கிருந்து விடியற்காலையில் ஜீப் பிடித்து நாள் முழுக்க வளைந்து வளைந்து ஏறி, பிர்த்தி அருவியைத் தாண்டி, காலாமுனிக் கணவாயில் கோயில் மணியை அடித்துவிட்டு இறங்கினால்தான் ஊர். இறங்குகிற வழியில் ஒரு திருப்பத்தில் பஞ்சசூலி எதிரே வரும். ஐந்து சிகரங்கள், உயரமானது 6,904 மீட்டர். பாண்டவர்கள் சொர்க்கம் புறப்படுமுன் கடைசியாகச் சமைத்த ஐந்து அடுப்புகள் என்பார்கள். தினமும் அந்தச் சாலையில் ஓட்டுகிற டிரைவரே அங்கே வேகத்தைக் குறைத்தார். பின்சீட்டில் இரண்டு ஆட்டுக்குட்டிகளோடு வந்த பெரியவர் பேச்சை நிறுத்தினார்.

நான் தங்கியது ஊரை ஒட்டிய சர்மோலியில். அங்கே வீட்டுப் பெண்கள்தான் கூட்டாகச் சேர்ந்து வருகிறவர்களுக்கு அறை விடுகிறார்கள். மருமகள், மாமியார், கல்லூரியை முடித்துவிட்டு வழிகாட்டியாகப் போய்க்கொண்டிருந்த ஒரு பையன், ஒரு பசு, ஒரு நாய். இவர்களோடுதான் என் ஐப்பசியும் கார்த்திகையும் போயின.

காலையில் எழுந்ததும் அந்த வீட்டில் யாரும் முதலில் டீயைத் தேடுவதில்லை. கதவைத் திறந்து மலை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார்கள். மேகம் மூடியிருந்தால் மட்டும் “இன்றைக்கு இல்லை” என்பாள் மருமகள், தபால்காரர் வரவில்லை என்பதுபோல. சூரியன் பஞ்சசூலிக்குப் பின்னாலிருந்து வருவதால் காலையில் சிகரங்கள் கன்னங்கரேல் என்று நிற்கும். அவற்றின் நேரம் சாயங்காலம். நாலரை, ஐந்து மணிக்கு அடிவாரமெல்லாம் இருட்டிய பிறகும் மேலே ஐந்தும் செம்பொன்னாக எரிந்து, பிறகு ரோஜா நிறமாகி, சட்டென்று சாம்பலாகிவிடும். கையில் வைத்த வேலையை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் முற்றத்துக்கு வருவோம். இப்போது அந்த நேரத்துக்கு நான் பெரும்பாலும் சிக்னலில் நிற்கிறேன். எதிரே விளம்பரப் பலகை. அதிலும் ஒரு பனிமலை இருக்கிறது, ஏதோ ஒரு தண்ணீர் பாட்டிலுக்குப் பின்னால்.

அடுத்தது சத்தம். கீழே வெகு ஆழத்தில் கோரிகங்கை ஓடுகிறது. பகலில் கோடாலிச் சத்தம், பள்ளிக்கூட மணி, ஜீப் ஹாரன் எல்லாவற்றுக்கும் அடியில் ஒளிந்துகொண்டிருக்கும். ராத்திரி, எல்லாம் அடங்கி, விறகு அடுப்பும் அணைந்து, இரண்டு ரஜாய்களுக்கு அடியில் கால் சூடேறும்போது மெல்ல மேலே வரும். பாறையில் தண்ணீர் மோதுகிற சத்தம் என்று தெரியும், ஆனால் கேட்கிறபோது அது மலையே மூச்சு விடுவதாகத்தான் படும், அந்த மூச்சோடு நம் மூச்சும் சேர்ந்து ஓடத் தொடங்க, எப்போது தூங்கினோம் என்பதே தெரியாது. இங்கே என் படுக்கையறையில் ஏசி இருக்கிறது. சத்தமே வராத மாடல் என்று சொல்லி விற்றார்கள். உண்மைதான். ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு ஒன்றுமே கேட்காமல் படுத்திருக்கிறேன்.

சாப்பாட்டைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் நிம்பூ சானைச் சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது. குளிர்கால மத்தியானத்தில், வெயில் முற்றத்துக்கு வந்த பிறகு, அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் கூடிச் செய்வது. நம் நாரத்தங்காய் அளவுக்கு மலை எலுமிச்சை; தோலை உரித்து, சுளையின் மேல்தோலையும் நீக்கி, உதிர்த்து ஒரு பெரிய பாத்திரத்தில் போடுவார்கள். முள்ளங்கியை நீளநீளமாக நறுக்கிச் சேர்ப்பார்கள். கெட்டித் தயிர், கொஞ்சம் வெல்லம். இதற்கிடையில் ஒருத்தி அம்மியில் உட்கார்ந்து வறுத்த பாங்கு விதையோடு பச்சைமிளகாய், கொத்தமல்லி, பூண்டு, உப்பு வைத்து அரைப்பாள். பாங்கு என்றதும் புருவத்தை உயர்த்த வேண்டாம். கஞ்சாச் செடியின் விதைதான், ஆனால் விதையில் போதை கிடையாது, எள் வறுத்த மணம்தான். எல்லாவற்றையும் கொட்டிக் கையால் பிசைந்து, ஆளுக்கொரு கிண்ணம். புளிப்பில் ஒரு கண் மூடிக்கொள்ளும். முதுகில் வெயில், வாயில் உறைப்பு, எதிரே பனி. யாரோ யாருடைய மாமியாரையோ திட்டிக்கொண்டிருப்பார்கள், எனக்கு மொழி பாதிதான் புரியும், ஆனாலும் சிரிக்க வேண்டிய இடம் தெரிந்துவிடும். ஊருக்கு வந்து நாரத்தங்காயில் செய்து பார்த்தேன். பாங்கு விதை கேட்டு எந்தக் கடையில் போய் நிற்பது? எள்ளைப் போட்டேன். வீட்டில் எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். சாப்பிட்டது அடுக்குமாடி வீட்டின் டைனிங் டேபிளில், டியூப்லைட் வெளிச்சத்தில்.

ராஜ்மாவும் அப்படித்தான். முன்சியாரி ராஜ்மாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. இப்போது பாக்கெட் வீட்டுக்கே வருகிறது. குக்கரில் நான்கு விசிலில் வெந்துவிடுகிறது. அங்கே அது புக்காரி அடுப்பின் மேல் பிற்பகல் முழுக்கக் கொதித்துக்கொண்டிருக்கும். ஜம்பு என்ற காய்ந்த மலை மூலிகையை நெய்யில் தாளித்துக் கொட்டினால் வீடே மணக்கும். காத்திருப்பதற்கு அந்த வீட்டில் யாரும் அலுத்துக்கொண்டதில்லை.

நடையைச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் போனேன்.

காலியா டாப் என்பது ஊருக்கு மேலே ஏறக்குறைய 3,500 மீட்டரில் இருக்கும் புல்வெளி. கர்சு என்ற மலைக்கருவாலி மரங்களும் புராஞ்ச் மரங்களும் அடர்ந்த காட்டுக்குள் புகுந்து ஏற வேண்டும். கிளையெல்லாம் பாசி தாடிதாடியாகத் தொங்கும். எந்த அடிக்கு எந்தப் புதரிலிருந்து மோனால் கோழி ஏழு வண்ணத்தில் சீறிக்கொண்டு கிளம்பும் என்று சொல்ல முடியாது. வீட்டுப் பையன் முன்னால் போவான், கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, கோயில் பிராகாரம் சுற்றுகிற நிதானத்தில். நான் மூச்சு வாங்கி நின்றபோதெல்லாம் ஒரே விஷயத்தைத்தான் சொன்னான்: “பேச்சு கொடுத்துக்கொண்டே ஏறுங்கள் தீதி. பேச முடியவில்லை என்றால் வேகமாகப் போகிறீர்கள் என்று அர்த்தம்.” அதனால் பேசினேன். என் பிள்ளைகளைப் பற்றி, வேலையைப் பற்றி, அம்மா போன வருஷத்தைப் பற்றி. இங்கே யாரிடமும் சொல்லாததையெல்லாம் ஒரு இருபத்துமூன்று வயதுப் பையனின் முதுகிடம் சொல்லிக்கொண்டே ஏறினேன். மரங்கள் சட்டென்று முடிந்தன. பழுத்த புல், காற்று, ராஜரம்பா சிகரம், பஞ்சசூலி, பின்னால் நந்தா கோட் சிகரம். இருவரும் வாயை மூடிக்கொண்டோம்.

இப்போது பூங்காவில் நடக்கிறேன். கையில் கடிகாரம், பத்தாயிரம் அடி ஆனதும் நடுங்கி வாழ்த்துச் சொல்கிறது. அது நடுங்கும்போதெல்லாம் எனக்கு நைன் சிங் ராவத் ஞாபகம் வருகிறார். 1830-இல் அந்த ஜோஹார் பள்ளத்தாக்கின் மேல்கோடியில், மிலம் கிராமத்தில் பிறந்தவர். வெள்ளைக்காரர்கள் நுழைய முடியாத திபெத்தை அளக்க, யாத்திரீகர் வேஷத்தில் 1865-இல் காத்மாண்டுவிலிருந்து லாசாவுக்குப் புறப்பட்டார். ஜெபமாலையில் 108 மணிக்குப் பதில் 100. நூறு அடிக்கு ஒரு மணி தள்ளுவார். மாலை ஒரு சுற்று வந்தால் பத்தாயிரம் அடி. குறித்துவைத்த கணக்கெல்லாம் ஜெபச் சக்கரத்துக்குள் இருந்தது. லண்டன் புவியியல் கழகம் 1877-இல் தங்கப் பதக்கம் கொடுத்தது. அவருடைய பத்தாயிரம் அவரை லாசாவுக்குக் கொண்டுபோனது. என்னுடைய பத்தாயிரம் என்னை மறுபடி பூங்காவின் கேட்டிலேயே கொண்டுவந்து விடுகிறது.

அந்த மிலத்தில்தான் பாட்டியும் பிறந்தவள். மருமகளின் மாமியார். அவளை மட்டும் பின்னால் வைத்துக்கொண்டேன், ஏனென்றால் அவளைச் சொல்லிவிட்டால் பிறகு சொல்ல அதிகம் இருக்காது.

அவர்கள் ஷௌகாக்கள், வழிவழியாகத் திபெத்தோடு வியாபாரம் செய்தவர்கள். கோடையில் 3,400 மீட்டர் உயரத்தில் மிலம், குளிர்காலத்தில் கீழே. தானியமும் வெல்லமும் துணியும் மேலே போகும்; உப்பும் வெண்காரமும் கம்பளி ரோமமும் இறங்கி வரும். சுமப்பது ஆடுகள், ஒவ்வொன்றின் முதுகிலும் சின்னதாக இரட்டைப் பை. அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு திபெத்தியக் கூட்டாளி இருப்பான். ஒப்பந்தத்துக்கு ஒரு கல்லை இரண்டாக உடைத்து ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்வார்கள், அடுத்த தலைமுறை வந்து பொருத்திப் பார்த்தாலும் பொருந்த வேண்டும் என்று சொல்வார்கள். உங்கள் வீட்டுப் பாதி எங்கே என்று கேட்டேன். “யாருக்குத் தெரியும், அடுப்புக்கு முட்டுக் கொடுத்திருப்பார்கள்” என்று பொக்கை வாயால் சிரித்தாள்.

1962-இல் சண்டை வந்து எல்லை மூடியது. அவர்கள் ஏற்கெனவே குளிருக்கு இறங்கிவிட்டிருந்தார்கள். “எல்லா வருஷமும் போலத்தான் பூட்டிவிட்டு வந்தோம்” என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. வியாபாரம் இல்லாத மேட்டுக்கு எதற்காகப் போவது? சில குடும்பங்கள் கோடையில் இன்னும் போகின்றன. இவர்கள் போகவில்லை. செதுக்கு வேலை செய்த கதவு நிலையோடு நிற்பதாகவும் கூரை இறங்கிவிட்டதாகவும் போய்வந்தவர்கள் சொன்னார்களாம்.

ஒருநாள் மிலம் போகும் பழைய பாதையில் லீலம் வரை நடந்துவிட்டு வந்தேன். எவ்வளவு தூரம் போனாய் என்று கேட்டாள். சொன்னேன். ஏதோ தெருமுனைக் கடைக்குப் போய்வந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு, அங்கிருந்து பக்டியார், ரில்கோட், புர்ஃபூ என்று வழியில் இருக்கிற ஒவ்வொரு ஊரின் பெயரையும் வரிசையாகச் சொல்லி, எங்கே தண்ணீர் நல்லது, எங்கே காற்று மோசம், எங்கே ஆடுகளைக் கட்ட இடம் என்று கண்ணை மூடிக்கொண்டே என்னை மிலம் வரை கூட்டிக்கொண்டு போனாள். நான் ஏங்குகிற முன்சியாரி அவளுக்குப் பாதி வழியில் தங்கிப்போன இடம். அவளுடைய ஏக்கத்துக்கு முன்னால் என்னுடையதைப் பிரயாணி ஒருத்தியின் சொகுசு என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனாலும் அது குறைவதில்லை.

அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. “ஓ சேலி!” என்பாள். மகளே என்று குமாவூனியில். சமையல்கட்டிலிருந்து, உப்பு டீ கொதித்ததும், அந்த ‘ஓ’வை மேட்டுக்குப் பள்ளத்திலிருந்து கூப்பிடுகிற நீளத்துக்கு இழுத்து. இங்கே என்னை மேடம் என்கிறார்கள், ஆன்ட்டி என்கிறார்கள், வங்கியில் முழுப்பெயரை இனிஷியலோடு படிக்கிறார்கள். மகளே என்று கூப்பிட இங்கே யாரும் மிச்சமில்லை. அங்கேயும் இல்லை. பாட்டி போன செய்தி ஒரு மழைக்கால ராத்திரியில் வாட்ஸ்அப்பில் வந்தது. கூடவே ஒரு குரல்பதிவு, மருமகள் அழுதது. அதை ஒருமுறைதான் கேட்டேன்.

2023-இல் சர்மோலியை நாட்டின் சிறந்த சுற்றுலாக் கிராமமாக மத்திய அரசு தேர்ந்தெடுத்தபோது சந்தோஷப்பட்டேன். உடனே ஒரு பொறாமையும் வந்தது, சொல்வதற்கென்ன. நான் படுத்த கட்டிலில் யார் யாரோ படுப்பார்கள். படுக்கட்டும். வருமானம் அந்தப் பெண்களின் கைக்குப் போகிறது. மறுபடி ஒருதரம் போய்வாயேன் என்கிறார்கள் வீட்டில். முழங்காலைக் காரணம் சொல்கிறேன்.

போன மாதம் மருமகள் காபித்தூள் கேட்டிருந்தாள். நான் அங்கே போட்டுக் கொடுத்த டிகாஷன் காபியைப் பையன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறானாம். அரைக் கிலோ, சிக்கரி இல்லாமல், கூடவே ஒரு சின்ன பித்தளை ஃபில்டர். கூரியர் கடையில் அந்த ஊருக்கு சர்வீஸ் கிடையாது என்று பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தபால் நிலையத்துக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் எடை போட்டுவிட்டு, முகவரியில் பின்கோடு விட்டுப்போயிருக்கிறதே, போனில் பார்த்துச் சொல்கிறீர்களா என்றாள். போனை எடுக்கவில்லை. 262554 என்றேன்.